இல்லாத புழு

பயிர் கெட்டுப்போனால் பேயாண்டிக்குப் பயம் கிடையாது. கெட்ட பயிரை வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளுவது என்பது அவருக்குத் தெரியும். பயிர் நன்றாக விளைந்துவிட்டால்தான் பயம்.

அந்த ஐப்பசியில் அவருடைய முருங்கை நன்றாக விளைந்து தொலைத்துவிட்டது.

திருமங்கலத்திலிருந்து செக்கானூரணி போகும் சாலையில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் சாத்தனேந்தல். ஊருக்கு வடக்கே ஒன்றரை ஏக்கர் செம்மண் அவருக்கு. அவர் அப்பன் ஆயுசு பூராவும் அடுத்தவன் நிலத்தில் களை வெட்டிச் செத்தவர். பேயாண்டி முப்பது வருசம் கிணறு வெட்டப் போய், வெடி வைத்து, இடுப்பில் கயிறு கட்டி இறங்கி, ஒரு காதும் மந்தமாகிப்போன பிறகு வாங்கிய நிலம். காய்க்கு விடும் முருங்கை இல்லை அது. நெருக்கி விதைத்து, இடுப்பளவு வளர விட்டு, நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு தடவை இலைக்காகவே அறுப்பது. கரட்டுமேடு உழவர் கம்பெனிக்காரர்கள் வாங்கி நிழலில் உலர்த்திப் பொடியாக்கிக் கப்பலில் அனுப்புவார்கள். கடையில் விற்கும் மருந்து ஒரு சொட்டு படக்கூடாது. மூன்று வருசம் வேப்பங்கொட்டைக் கரைசலும் புளித்த மோருமாக அடித்து, போன வருசம்தான் ‘சுத்தமான நிலம்’ என்று ஒத்துக்கொண்டார்கள். ஒரு தடவை தவறினால் மறுபடி மூன்று வருசம்.

இப்போது இலை கரும்பச்சையாக, தண்டு தெரியாமல் அடைத்துக்கொண்டு நின்றது. பேயாண்டி தோட்டத்து முகப்பில் பழைய செருப்பு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார். சுண்ணாம்புப் பொட்டு வைத்த சட்டியைக் கம்பில் கவிழ்த்தார். எவனாவது “எப்படிப்பா இருக்கு?” என்றால், “ஏதோ கெடக்கு” என்றார்.

அவர் மட்டும் இல்லை. சாத்தனேந்தலில் எவனும் எவனிடமும் நன்றாக விளைந்திருக்கிறது என்று சொன்னது கிடையாது. மாடு எம்புட்டுக் கறக்கிறது என்றால், “கன்னுக்கே பத்தல” என்பார்கள். பேரன் கொழுகொழுவென்று இருந்தால், “எங்க, சோத்தையே தொட மாட்டேங்கிறான்” என்பார்கள். கேட்கிறவனும் தலையை ஆட்டிக்கொண்டு போவான். பொய் என்று யாரும் அதை நினைப்பதில்லை. கேட்டவன் கண்ணு பட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

பவதாரிணிக்கு இது தெரியாது. அவள் பசுமலைப் பெண். விவசாயம் படித்துவிட்டு, கம்பெனியில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பதிவு எடுக்கும் வேலை. சனிக்கிழமை காலையில் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். நாலு மூலையிலும் நின்று போனில் படம் எடுத்தாள்.

“ஐயா, செருப்ப ஏன் தொங்க விட்டிருக்கீங்க?”

“நனைஞ்சு போச்சு தாயி. காயட்டும்னு.”

“போன மாசமும் காஞ்சிட்டுத்தான இருந்துச்சு?”

“கெட்டித் தோலு.”

அவள் சிரித்துக்கொண்டே போனைத் தட்டிக்கொண்டிருந்தபோதுதான் மேற்கு வரப்பில் வெள்ளைத்துரை வந்து நின்றார்.

வெள்ளைத்துரை பக்கத்து நிலத்துக்காரர். பேயாண்டிக்கு நாலைந்து வயது மூத்தவர். நல்ல மனுசன்தான், ஒரு கெட்ட வார்த்தை பேச மாட்டார். ஆனால் இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால், கிழக்குத் தெருவில் கட்டிக் கிடந்த சல்லிக்கட்டுக் காளையைப் பார்த்து, “அடேயப்பா, திமிலப் பாரு, கோயில் மணி கணக்கா!” என்று சொல்லிவிட்டார். எட்டாம் நாள் காளை வாயில் நுரை தள்ளிச் செத்தது. அடுத்த மாசம் ஒரு தென்னையைப் பார்த்துக் குலை எண்ணினார், இடி விழுந்தது. அத்தோடு முடிந்தது அவர் கதை. அன்று முதல் பால்செம்பு கொண்டுபோகிறவள் அவரைக் கண்டால் முந்தானையால் மூடினாள். கலியாண வீட்டில் கடைசிப் பந்தியில்தான் அவருக்கு இலை. பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். மனுசன் தலையில் துண்டை நெற்றி வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தே நடந்தார்.

ஆனாலும் விவசாயி அல்லவா. நல்ல பயிரைக் கண்டால் வாய் நிற்காது.

“ஏப்பா பேயாண்டி! என்னப்பா இது, எண்ணெய் தடவுன கணக்கா மினுங்குது! இம்புட்டு அடர்த்தி நான் எங்கிட்டும் பார்க்கலையே!”

பேயாண்டிக்கு உச்சந்தலையில் வெந்நீர் ஊற்றியது போல் இருந்தது. வாய் தானாகத் திறந்தது.

“என்னத்த மினுங்குது. புழு விழுந்து பாதி போச்சுண்ணே. கடை மருந்து வாங்கி ரெண்டு வாட்டி அடிச்சேன். அதுலதான் இந்த மட்டுக்காவது நிக்கிது.”

பவதாரிணி நிமிர்ந்தாள். “மருந்தாய்யா? நெசமாவா? என்ன மருந்து?”

வெள்ளைத்துரை இன்னும் வரப்பில்தான் நின்றார். காது கேட்கிற தூரம். இப்போது மாற்றிச் சொன்னால் என்ன ஆகும்?

“பேரு யாருக்குத் தெரியும். பச்ச மூடி போட்ட டப்பா. போன வாரம் ஒண்ணு, அதுக்கு முந்துன வாரம் ஒண்ணு.”

“ஐயா, இத எழுதினா எழுதினதுதான். நிச்சயமா சொல்றீங்களா?”

“எழுதிக்க தாயி. உள்ளதத்தான சொல்றேன்.”

அவள் எழுதியதை ஒத்துக்கொள்வதற்காக அவருடைய போனில் டிங்கென்று ஒரு செய்தி வந்தது. அதில் வந்த எண்களை ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னார். எண் மட்டும் அவருக்கு வாசிக்கத் தெரியும். அந்தப் பெண் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“மறைக்கிறவங்கதான்யா ஜாஸ்தி. நீங்க உண்மையச் சொல்லிட்டீங்க.”

எதற்குச் சொல்கிறாள் என்று பேயாண்டிக்கு விளங்கவில்லை. வெள்ளைத்துரை, “அடப்பாவமே, புழுவா” என்று முனகிக்கொண்டே போனது மட்டும்தான் அவருக்கு வேண்டியதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை கம்பெனி மேனேஜர் சிவபாண்டி போன் போட்டான். “அண்ணே, உங்க இலை வேணாம்ணே. வியாழக்கிழமை வண்டி உங்க தோட்டத்துக்கு வராது. நேர்ல வாங்க, சொல்றேன்.”

பேயாண்டி சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடினார். திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது ஆபீஸ். சிவபாண்டி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். கட்டம் கட்டமாகத் தோட்டங்கள். எல்லாம் பச்சை. அவருடையது மட்டும் சிவப்பு.

அவர் நடந்ததைச் சொன்னார். சிவபாண்டி தலையில் கை வைத்துக்கொண்டான். அவனும் இந்தப் பக்கத்துக்காரன்தான், சொன்னதும் புரிந்துவிட்டது.

“அதுக்குன்னு பச்ச மூடி வரைக்குமாண்ணே சொல்லுவாங்க?”

“வாய்ல வந்திருச்சு. சரி, அழிச்சு விடு.”

“அழிக்க முடியாதுண்ணே.”

“ஒரு வரிதானப்பா. கோடு அடிச்சு விடு. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்.”

“அண்ணே, இது என் நோட்டு இல்ல. பிளாக்செயின்னு பேரு. நம்ம ஆபீஸ்ல ஒண்ணு, உலர்த்துற ஷெட்ல ஒண்ணு, ஆய்வு பண்றவங்கட்ட ஒண்ணு, கப்பல்ல வாங்குறாம்பாருங்க, அவன்ட்ட ஒண்ணு. இப்புடிப் பத்து எடத்துல ஒரே நோட்டு இருக்கு. இங்க எழுதுனா பத்துலயும் விழுந்திரும்.”

“சரி, உன் நோட்டுல அழி. மத்தவனுக்கு என்ன தெரியும்?”

“தெரியும்ணே. ஒரு பக்கத்துல இருக்க எழுத்தையெல்லாம் சேத்து அரைச்சா ஒரு முத்திரை வரும். அந்த முத்திரைய அடுத்த பக்கத்துத் தலையில போட்டுத்தான் எழுதவே ஆரம்பிக்கும். அந்தப் பக்கத்தோட முத்திரை அதுக்கடுத்த பக்கத்துல. ஒரு புள்ளி மாத்துனாலும் முத்திரை மாறிரும், பின்னாடி வர்ற அம்புட்டும் ஒட்டாமப் போயிரும். சனிக்கிழமைக்குப் பெறகு நாப்பது பக்கம் ஏறிப்போச்சு. நான் மாத்துனா மத்த ஒம்பது பேரும், இது செல்லாதுன்னு தள்ளிருவான்.”

“ஒண்ணோட வால ஒண்ணு கவ்விக்கிட்டுக் கெடக்கு.”

“அதேதாண்ணே.”

பேயாண்டி கம்ப்யூட்டரை முறைத்துப் பார்த்தார். “நான் சொன்னது பொய்யின்னு அதுக்குத் தெரியாதா?”

“தெரியாதுண்ணே. மெய்யச் சொன்னா மெய்ய வச்சுக்கும். பொய்யச் சொன்னாலும் பத்திரமா வச்சுக்கும். யாரையும் மாத்த மட்டும் விடாது.”

“அப்ப புத்தி கெட்ட சாமானா இருக்கேப்பா. இத நம்பியா கப்பல்ல ஏத்துறான்?”

“மனுசன நம்ப முடியலன்னுதாண்ணே இத வச்சிருக்கான்.”

மனுசனை நம்ப முடியாது என்பதில் அவருக்கும் அபிப்பிராய பேதம் கிடையாது.

இலையை ஆய்வுக்கு அனுப்பினால் பன்னிரண்டு நாள் ஆகும். அதற்குள் இலை பழுத்துக் கொட்டிவிடும். அதுவும் இப்போது மருந்து இல்லை என்றுதான் சொல்லும். அடிக்கவே இல்லை என்று சொல்லாது. கடைசியில் சிவபாண்டி ஒரு வழி சொன்னான். பழையதை அழிக்க முடியாது. கீழே புதிதாக ஒரு பதிவு சேர்க்கலாம். தோட்டத்துக்கு ரெண்டு பக்கத்து நிலத்துக்காரரும் உள்ளே இறங்கிப் பார்த்து, மருந்து அடிக்கவில்லை என்று அவரவர் போனிலிருந்து ஒத்துக்கொள்ள வேண்டும். மருந்து வாடை முதலில் அடிப்பது பக்கத்து நிலத்துக்காரன் மூக்கில்தானே.

“கெழக்க சோலையம்மா. மேக்க?” என்று கேட்டான்.

பேயாண்டி எழுந்து படியில் இறங்கினார். அறுபத்து மூணு வயசு. இன்னொரு மூணு வருசம் வேப்பங்கொட்டை இடிக்கத் தெம்பு இருக்கிறதா?

வீட்டில் மலையம்மாள் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தாள். பேயாண்டி களியை உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சோலையம்மாள் வந்து கேட்டுவிட்டு, “இதுக்காய்யா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? என் மூக்குல ஒரு வாடையும் அடிக்கல. புளிச்ச மோரு நாத்தந்தான் அடிச்சுச்சு, அதையும் எழுதச் சொல்லு” என்று நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போனாள். மிச்சம் ஒருவர்.

“வெள்ளைத்துரை அண்ணனக் கூப்பிடாட்டி நாளன்னைக்கு வண்டி வராது. கூப்பிட்டா அவரு உள்ள எறங்கிப் பார்ப்பாரு. வரப்புல நின்னு பார்த்ததுக்கே இந்தப் பாடு” என்றார் பேயாண்டி.

“வரப்புல நின்னு பார்த்ததுல இலைக்கு என்ன ஆச்சு? ஓன் வாய்தான பிச்சுக்கிட்டுப் போச்சு” என்றாள் மலையம்மாள். ஆனால் அவள் குரலும் உறுதியாக இல்லை. “போன கோடையில நம்ம மோட்டார் புகைஞ்சப்ப, கேக்காமலே அவரு மடைய நம்ம பக்கம் திருப்பி விட்டாரு. மறந்து போச்சா?”

“நல்லவருதான். கண்ணு அவரு பேச்சக் கேக்கணும்ல?”

“நாப்பது வருசமா ஒங்கூட இருக்கேன். எங்கிட்டயாவது என்னைக்காச்சும் வெள்ளாமை நல்லாருக்குன்னு சொல்லியிருக்கியாய்யா? எம்மகனப் பெத்துப் போட்டப்பக்கூட, சிவப்பா இருக்கான்னு ஊரே சொல்லுது, நீ வந்து பார்த்திட்டு ‘எலிக்குஞ்சு மாதிரி இருக்கான்’னுட்டுப் போன.”

“நல்லாத்தான இருக்கான் இன்னைக்கு வரைக்கும்?”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

புதன்கிழமை காலையில் நாகமலைப் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. அறுப்பு நேரத்தில் மழை பிடித்தால் இலை ஷெட்டுக்குப் போகுமுன்னே கறுத்துவிடும். பேயாண்டி வானத்தையும் தோட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு மேற்கு வரப்பைத் தாண்டினார். வெள்ளைத்துரை ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, தோட்டம் வரைக்கும் வரணும்.”

“நானா?” அரிவாள் நின்றது. “நான் வரப்புல நடந்தாலே சட்டிய எம்பக்கம் திருப்பி வைப்ப. இப்ப உள்ளயே வரணுமாக்கும்.”

“ஒரு சோலி ஆகிப்போச்சுண்ணே.”

“என்ன, புழு கூடிப்போச்சா?”

பேயாண்டி தரையைப் பார்த்தார். “புழுவே இல்லண்ணே.”

வெள்ளைத்துரை கையிலிருந்த புல்லைக் கீழே போட்டார். அரிவாளை வரப்பில் குத்தி வைத்துவிட்டு முன்னால் நடந்தார்.

பவதாரிணியும் சோலையம்மாளும் தோட்டத்து முகப்பில் நின்றார்கள். சோலையம்மாளும் வெள்ளைத்துரையும் ஒவ்வொரு பாத்தியாக நடந்தார்கள். சோலையம்மாள் வளவளவென்று பேசிக்கொண்டே போனாள். வெள்ளைத்துரை ஒவ்வொரு செடியிலும் நின்றார். இலையைத் திருப்பிப் பார்த்தார், கசக்கி மோந்தார், ஆனால் அப்போதும் துண்டு நெற்றியில்தான் கிடந்தது. பேயாண்டி அவர் பின்னாலேயே போனார். ஒவ்வொரு செடியாக அவர் பார்வை படும்போதும் இவருக்குத் தன் முதுகில் சூடு வைத்தது மாதிரி இருந்தது.

“மருந்து வாடை இல்ல தாயி. அடிக்கல. அடிச்சிருந்தா எங்கிட்டுச் சிலந்தி வலை கட்டும்?” என்றார் வெள்ளைத்துரை.

“சரிங்கய்யா. இப்ப காரணம் எழுதணும்.” பவதாரிணி பேயாண்டியைப் பார்த்தாள். “அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“வாய் தவறிச் சொல்லிட்டேன்னு போட்டுக்க.”

“ஒத்துக்க மாட்டாங்கய்யா. எந்த வாரம், மூடி என்ன கலர் வரைக்கும் சொல்லியிருக்கீங்க. வாங்குறவங்க கேப்பாங்கல்ல?”

பேயாண்டி சோலையம்மாளைப் பார்த்தார். அவள் அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“சொல்லுடா. அந்தப் புள்ள வெளியூரு. அதுக்குத் தெரியாது. நீ சொல்லு” என்றார் வெள்ளைத்துரை.

“அண்ணே...”

“இருவத்திரண்டு வருசமா முதுகுக்குப் பின்னாடி சொல்றீங்கள்ல. ஒரு வாட்டி முன்னாடி சொல்லு.”

முப்பது வருசம் வெடிக்குழியில் இறங்கும்போதுகூடப் பேயாண்டிக்கு இப்படிப் பயம் வந்ததில்லை.

“இவரு கண்ணுக்குப் பயந்து சொன்னேன் தாயி. இலை நல்லாருக்குன்னு இவரு சொன்னாரு. கண்ணு பட்டுரும்னு, புழு விழுந்திருச்சுன்னு பொய் சொன்னேன்.”

பவதாரிணி போனில் வைத்த விரலை எடுத்துவிட்டாள். “இதையாய்யா எழுதச் சொல்றீங்க? இவரு பேரும் வரும். பத்து எடத்துல ஏறும், கீழ புதுசா சேக்கத்தான் முடியும், அழியாது. அதுவும் இவரே ஒத்துக்கிட்டு நம்பர் சொல்லணும்.”

வெள்ளைத்துரை சிரித்தார். அவர் சிரித்துப் பேயாண்டி பார்த்து எத்தனையோ காலம் ஆயிற்று.

“தாயி, இந்த ஊர்ல இருநூறு வீடு. வீட்டுக்கு வீடு என்னையப் பத்தி ஒரு நோட்டு இருக்கு. ஓன் மிசினு பத்து எடத்துலதான வச்சிருக்கு? ஓன் நோட்டுலயாவது கீழ புதுசா ஒண்ணு சேக்கலாம்ங்கிற. எங்க ஊரு நோட்டுல அதுக்கும் வழி கெடையாது. எழுது. ஆனா இன்னொண்ணும் சேர்த்து எழுதணும்.”

“சொல்லுங்கய்யா.”

“புதன்கெழமை வெள்ளைத்துரை உள்ள எறங்கி அம்புட்டுச் செடியையும் பார்த்தான்னு எழுது. வியாழக்கெழமை அறுக்கையில இலை எப்படி இருந்துச்சுன்னு நாளைக்கு வந்து அதையும் எழுது. நாள் போடு. அழியாதுல்ல?”

“அழியாதுங்கய்யா.”

“அப்பச் சரி.” மடியிலிருந்து போனை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

அன்றைக்கு ராத்திரி மலையம்மாள் உப்பும் மிளகாய் வற்றலும் கையில் எடுத்தாள். தோட்டத்துப் பக்கம் நாலு எட்டு வைத்தாள். என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து பானையில் போட்டு மூடிவிட்டாள். பேயாண்டி தூங்கவில்லை.

விடிந்து பார்த்தால் இலை அப்படியே நின்றது. மழையும் இறங்கவில்லை, மேகம் மட்டும் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு பொம்பளைகள் அறுப்பில் இறங்கினார்கள். வெள்ளைத்துரை வெளுத்த வேட்டி கட்டி வந்து மேற்கு வரப்பில் நின்றார். நெற்றியில் துண்டு இல்லை. தோளில் கிடந்தது. பொம்பளைகள் அவரைப் பார்த்துக் கிசுகிசுத்துக்கொண்டே அறுத்தார்கள்.

கடைசிப் பாத்திக்குப் போகும்போது பேயாண்டி அதைப் பார்த்தார்.

செடியின் அடித்தண்டில், இலை மறைவில், ரெண்டு கம்பளிப்புழு. கறுப்பு ரோமம் சிலிர்த்துக்கொண்டு, ஒன்றன் பின்னால் ஒன்றாக மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தன.

சொல்லும்போது இல்லாத புழு. இப்போது இருக்கிறது. சுற்றிப் பார்த்தார். வேறு எந்தச் செடியிலும் இல்லை. ஐப்பசியில் ரெண்டு கம்பளிப்புழு ஏறுவது ஒரு சங்கதியே இல்லை. சாம்பலைத் தூவினால் போய்விடும். ஆனால் அந்தப் பெண் பார்த்தால் எழுதுவாள். வெள்ளைத்துரை பார்த்தார், மறுநாள் புழு விழுந்தது என்று நாள் போட்டுப் பத்து இடத்தில் எழுதும். இந்த ஆறு பொம்பளைகளும் இருநூறு வீட்டில் எழுதுவார்கள். காளைக்கும் தென்னைக்கும் பின்னால் முருங்கை.

பவதாரிணி வரப்பில் வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வெள்ளைத்துரை.

பேயாண்டி ரெண்டு புழுவையும் இடது கையால் வழித்து எடுத்து விரலை மூடினார். நெருப்பை அள்ளியது மாதிரி உள்ளங்கை திகுதிகுவென்று எரிந்தது. ரோமம் ஒவ்வொன்றாக ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்தது.

“ஐயா, எல்லாம் முடிஞ்சுதா? புழு, பூச்சி ஏதாச்சும் பார்த்தீங்களா?” பவதாரிணி போனை நீட்டிக்கொண்டு கேட்டாள்.

“இல்ல தாயி.”

“இலை எப்படி இருக்கு? உங்க வாயால சொல்லணும்.”

ஏதோ கெடக்கு என்று தொண்டை வரைக்கும் வந்தது. அறுபத்து மூணு வருசப் பழக்கம். பேயாண்டி அதை விழுங்கினார். ஆறு பொம்பளைகளுக்கும் கேட்கும்படி, வெள்ளைத்துரை முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“இலை நல்லா வெளைஞ்சிருக்கு. இம்புட்டு நல்லா இதுவரைக்கும் வெளைஞ்சதில்ல.”

சொன்ன மாத்திரத்தில் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தார்.

போனில் வந்த எண்களை வலது கையால் போனைப் பிடித்து வாசித்தார். குரல் உடைந்து உடைந்து வந்தது. மகிழ்ச்சியில் என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டாள்.

“போயிருச்சா தாயி? பத்து எடத்துக்கும்?” என்று வெள்ளைத்துரை கேட்டார்.

“போயிருச்சுங்கய்யா.”

வெள்ளைத்துரை தலையை நிமிர்த்தினார். அறுத்த தோட்டத்தை, கட்டி வைத்த இலையை, பொம்பளைகளை, தூரத்தில் நாகமலையை, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் பார்த்தார். கண் கூசுகிறவர் மாதிரி இமைத்துக்கொண்டார். பிறகு பேயாண்டியிடம் திரும்பினார்.

“என்னடா, கையப் பொத்திக்கிட்டு நிக்கிற?”

“ஒண்ணுமில்லண்ணே.”

“மூஞ்சியெல்லாம் வேர்க்குது?”

“புழுக்கமா இருக்குண்ணே. மழை வரும் போல.”

வண்டி வந்து இலைக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. மண்பாதை தாண்டி, புளியமரத்து வளைவில் திரும்பி, அது கண்ணுக்கு மறைந்து, வெள்ளைத்துரையும் மேற்கு வரப்பைத் தாண்டிப் போகிறவரைக்கும், பேயாண்டி கையைத் திறக்கவில்லை.